சொல்லாமல் கொள்ளாமல்

பள்ளிக்கூட வேன் ஓட்டும் அந்த அக்காவுக்கு ஊர் வைத்த பெயர் மைக்செட்டு. வாயைத் திறந்தால் நாலு தெருவுக்குக் கேட்கும். காவல் நிலையத்தைக் கண்காணிக்க ஊர்மக்களிலிருந்து ஒரு குழு அமைத்தபோது, "போலீஸ்கிட்ட பயப்படாம பேச ஒரு ஆள் வேணும்ல?" என்று அவள் பெயரைத்தான் முதலில் சொன்னார்கள்.

வீட்டில் கணவன் தலையில் கை வைத்துக்கொண்டான். பேக்கரியில் மாவு பிசைபவன், வம்புதும்புக்குப் போகாதவன்.

"உனக்கெதுக்குடி இந்த வேலை? நாளைக்கு வேனை மறிச்சா என்ன பண்ணுவ?"

"மறிக்கட்டும். லைசென்ஸ் இருக்கு, வாயும் இருக்கு."

எந்த நேரத்திலும் உள்ளே போய் லாக்கப்பில் இருப்பவர்களைப் பார்க்கக் குழுவுக்கு உரிமை உண்டு. ஆனால் மற்ற உறுப்பினர்கள் போன் செய்துவிட்டுத்தான் போவார்கள். தரை கழுவியிருக்கும், டீ வரும், எல்லாம் சுபம். அந்த டீ அக்காவுக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

ஒரு நாள் காலை, பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு தனியாகப் போய் நின்றாள். வாசல் காவலர் குறுக்கே வந்தார்.

"ஐயா இல்லம்மா. நாளைக்கு வாங்க."

"ஐயாவைப் பாக்க வரல தம்பி. உள்ள இருக்கறவங்களப் பாக்க வந்தேன்."

அந்தக் குரலுக்கு அவர் வழிவிட்டார்.

லாக்கப்பில் ஒரு மெக்கானிக் சுருண்டு உட்கார்ந்திருந்தான். திருட்டு வண்டி வாங்கினான் என்ற சந்தேகத்தில் முந்தின நாள் பிடித்து வந்தார்களாம். வீட்டுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. "பொண்டாட்டி எங்கெல்லாம் தேடுறாளோ, அக்கா" என்றான். வாங்கினாயா இல்லையா என்று அவள் கேட்கவில்லை. அது கோர்ட் பாடு. காவலரை அங்கேயே நிற்க வைத்து, அவன் மனைவிக்குப் போன் போடச் செய்தாள்.

அதற்குள் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். "வேன் ஓட்டுறவங்களுக்கு என் ஸ்டேஷன்ல என்னம்மா வேலை?"

அக்கா அன்றைக்கென்று குரலை உயர்த்தவே இல்லை.

"என் வண்டில பிரேக் பிடிக்குதான்னு அதிகாரிங்க எப்ப வேணா நிறுத்திப் பாக்கறாங்க, ஐயா. நான் கோவிச்சுக்கறதில்ல. வண்டிக்குள்ள இருக்கறது ஊரார் வீட்டுப் பிள்ளைங்க. இங்கயும் அப்படித்தானே?"

அவர் தன் அறைக்குள் போய்விட்டார்.

குழுவும் போலீசும் ஊரார் முன்னால் உட்காரும் அந்த மாதப் பொதுக்கூட்டத்தில் அக்கா நடந்ததை நடந்தபடி சொன்னாள். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. கையிலிருந்த தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டர் கடைசியில் எழுந்தார்.

"தப்பு எங்க பக்கம்தான். இனிமே யாரைக் கூட்டிட்டு வந்தாலும் உடனே வீட்டுக்குச் சொல்லிடுவோம். குழுவுல இருக்கறவங்க எப்ப வேணா வரலாம். போன் பண்ணவே வேணாம்."

மற்ற உறுப்பினர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கைதட்டல் எழுந்தது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று அக்காவுக்குத் தெரியவில்லை.

கடைசி வரிசையில் அவள் கணவன் எழுந்து நின்று, பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒருவரின் தோளைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"என் வீட்டுக்காரிங்க! கேட்டீங்கல்ல? எப்படிப் பேசினா பாத்தீங்களா!"