கூப்பிட மறந்த பெயர்

தொண்ணூறுகளின் நடுவில், சித்தூரில் தெருவுக்கு நாலு பேர் குவைத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த காலம். நான் மண்டல் ஆபீசில், தமிழ்நாட்டுத் தாலுகா ஆபீஸ் மாதிரி, சூப்பரின்டெண்ட். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தமிழ்க் கிறிஸ்தவ சபைக்குச் செயலாளர். இரண்டு இடத்திலும் விதிமுறை தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று எனக்கொரு நினைப்பு.

குவைத்தில் டிரைவராக இருந்த ஒருவர் நீண்ட லீவில் வந்திருந்தார். அறுப்புப் பண்டிகையன்று சர்ச்சுக்குக் குடித்துவிட்டு வந்து கலாட்டா செய்தார். மூன்று மாதம் அவருக்குத் திருவிருந்து, அதாவது பீடத்தில் முழங்காலிட்டு வாங்கும் அப்பமும் ரசமும், இல்லை என்று கமிட்டி முடிவு செய்தது. கெடு முடிந்ததும் செயலாளர் அதைக் கமிட்டியில் வைக்கவேண்டும். பிறகு போதகர் பீடத்திலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அந்த விதியை எழுதியவனே நான்தான். போதகரோ திருப்பதியிலிருந்து மாதம் ஒருமுறை வருபவர், என் காகிதத்தை நம்பியே எல்லாம்.

டிரைவர் ஒரு ஞாயிறும் தவறவில்லை. எல்லோரும் முழங்காலிடப் போகும்போது கடைசி பெஞ்சில் தலைகுனிந்து இருப்பார். ஆள் வழிக்கு வருகிறான் என்று திருப்திப்பட்டுக்கொண்டேன்.

ஐந்தாம் மாதம், திருவிருந்து நாள் காலையில் போதகரிடம் விடைபெற வந்தார். செவ்வாய்க்கிழமை சென்னையில் விமானம். திரும்பிவர இரண்டு வருஷம் ஆகும், அவர் வேலை செய்யும் இடத்தில் சர்ச் கிடையாது.

"இன்னும் ஏன்பா திருவிருந்துக்கு வரல?" என்றார் போதகர்.

"பேரு கூப்புடல ஐயா."

கெடு முடிந்ததென்று கமிட்டியில் வைக்கவேண்டிய காகிதம் இரண்டு மாதமாக என் ஃபைலிலேயே கிடந்தது அப்போதுதான் உறைத்தது. தாமதத்துக்கு எத்தனை பேருக்கு மெமோ கொடுத்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. "ஞாபகப்படுத்தியிருக்கலாமே" என்றேன்.

அவர் சிரித்தார். "மூணு மாசத்துல குடிய வுட்டேன் சார். மீதி ரெண்டு மாசம் உங்கமேல கோவமா குந்திக்கினு இருந்தேன். போன வாரம்தான் அந்தக் கோவமும் போச்சு. அதுக்கப்புறம்தான் ஜெபமே வந்துச்சு."

அன்று கமிட்டி கூடாமலேயே போதகர் அவர் பெயரைக் கூப்பிட்டார். நடைமுறை மீறல்தான், நான் ஆட்சேபிக்கவில்லை. அவர் பீடத்தருகே முழங்காலிட்டார். நான் போகாமல் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டேன். திரும்பியவர் பழக்க தோஷத்தில் அங்கேயே வந்தார்.

"இன்னா சார், என் எடத்துல குந்திக்கினு?"

"ரெண்டு மாசம்" என்றேன்.

கொஞ்சம் யோசித்தார். "யாருகிட்டனா சொல்லி வையிங்க சார். கூப்புட மறந்துடப் போறாங்க."

போதகரிடம் மட்டும் சொல்லிவைத்தேன். இரண்டு மாதமும் அங்கேதான் இருந்தேன். முதல் மாதம் முழுக்க, என்னை யாராவது கவனிக்கிறார்களா என்று பார்ப்பதிலேயே போயிற்று. இரண்டு மாதம் முடிந்ததும் போதகர் மறக்காமல் என் பெயரைக் கூப்பிட்டார். இப்போது நான் செயலாளரும் இல்லை, சூப்பரின்டெண்டும் இல்லை. ஆனாலும் முழங்காலிடும் ஒவ்வொரு முறையும், உரிமையால் வரவில்லை, யாரோ என் பெயரைக் கூப்பிட்டதால்தான் வந்திருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.