கோர்ட் கிளார்க் கலாவதி

டெக்சஸில் சுகர் லேண்டுக்குத் தெற்கே, ஃப்ரீவேயை விட்டு இறங்கிக் கொஞ்ச தூரம் போனால் க்ளோவர் பெண்ட் வரும். ஊர் சின்னது. சிட்டி ஹால் என்பது முன்னொரு காலத்தில் வங்கியாக இருந்த ஒரு செங்கல் கட்டடம். 1995இல் கலாவதிக்கு அங்கே பகுதி நேர வேலை கிடைத்தது. க்ரீன் கார்டு வந்த கையோடு வீட்டுக்குப் பக்கத்தில் எங்கே வேலை இருக்கிறது என்று பார்த்துப் போட்ட விண்ணப்பம் அது. கரூரில் பி.காம். படித்தவள். வந்த புதிதில் தண்ணீர் பில் பிரிவில் உட்கார்ந்தாள்.

அதற்கு மறு வருஷம் நகர சபை ஒரு தீர்மானம் போட்டது. இனி ஊருக்கென்று தனி முனிசிபல் கோர்ட் நடக்கும். டிராஃபிக் டிக்கெட், அவிழ்த்து விட்ட நாய், வெட்டாமல் வளர்ந்த புல் எல்லாம் இங்கேயே விசாரிக்கப்படும். ஜட்ஜாக மிஸஸ் ஹேகனை நியமித்தார்கள். அவர் வக்கீல் இல்லை. பண்ணைக் கருவிகள் விற்கும் கடையை வெகுகாலம் நடத்தியவர். சின்ன ஊர் கோர்ட்டுக்கு ஜட்ஜ் வக்கீலாக இருக்க வேண்டியதில்லை, அரசு நடத்தும் பயிற்சிக்குப் போய் வந்தால் போதும் என்பது டெக்சஸ் சட்டம். கோர்ட்டுக்கு ஒரு கிளார்க் வேண்டுமே என்ற பேச்சு வந்தபோது, சிட்டி செக்ரட்டரி கலாவதியைக் கை காட்டினார். அவளுடைய மேஜைதான் வாசலுக்குப் பக்கத்தில் இருந்தது. வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

வியாழக்கிழமை மத்தியானம் சபை கூடும் அறையே கோர்ட்டாகிவிடும். கவுன்சிலர்களின் பெயர்ப் பலகைகளை எடுத்து அலமாரியில் வைப்பது, நாற்காலிகளைத் திருப்பிப் போடுவது, ஊர் சார்பில் வழக்கு நடத்தும் சிட்டி வக்கீலுக்கு ஒரு மேஜை, எதிர்த் தரப்புக்கு அதே உயரத்தில் இன்னொரு மேஜை என்று ஒழுங்கு செய்வது எல்லாம் கலாவதிதான். முதல் நாளே மிஸஸ் ஹேகன் ஒரு விஷயத்தைக் கவனித்தார். டிக்கெட் கொடுத்த போலீஸ்காரர்கள் பின்வாசல் வழியாக வந்து ஆபீஸ் காபியை ஊற்றிக்கொண்டு, கலாவதியோடு வெயில் மழை பற்றிப் பேசிவிட்டு அறைக்குள் போனார்கள்.

"அடுத்த வாரத்திலிருந்து அவர்களும் முன்வாசல் வழியாகவே வரட்டும். டிக்கெட் வாங்கினவர்கள் உட்கார்ந்திருக்கும் பெஞ்சில்தான் அவர்களுக்கும் இடம்," என்றார் அவர்.

போலீஸ்காரர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். கலாவதிக்கும் அப்போது அது கொஞ்சம் அதிகப்படியாகத்தான் பட்டது.

கிளார்க் செய்யக்கூடாத காரியம் ஒன்று உண்டு. என்ன பதில் சொன்னால் நல்லது என்று யாருக்கும் யோசனை சொல்லக்கூடாது. குற்றத்தை ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம், மறுக்காமலும் ஒப்புக்கொள்ளாமலும் தண்டனையை ஏற்கலாம்; இந்த மூன்றில் எதை எடுத்தால் அடுத்து என்ன நடக்கும் என்று சொல்லலாம். எதை எடு என்று சொல்லக்கூடாது. கவுன்ட்டருக்கு வருகிறவர்களிடம் இதைச் சொல்வதில் அவளுக்குச் சிரமமே இருக்கவில்லை, பவளம் வந்து நிற்கும் வரை.

பவளம் ஈரோட்டுக்காரி. கலாவதிக்கு மகள் வெண்பா பிறந்தபோது ஊரிலிருந்து யாரும் வர முடியவில்லை. பத்தியச் சாப்பாடு சமைத்துக் கொண்டுவந்து, பிள்ளையைக் குளிப்பாட்டிவிட்டுப் போனது பவளம்தான். காரை முழுதாக நிறுத்த வேண்டிய ஸ்டாப் சைனில் நிற்காமல் போனதாக அவளுக்கு டிக்கெட் கொடுத்திருந்தார்கள்.

"கலா, நான் நின்னேன். எம்பொண்ணு தென்றல் கார்லதான் இருந்தா. 'மாம், யூ டிட் ஸ்டாப்'னு அவளே சொல்றா. நாட் கில்ட்டி போடட்டுமா, என்ன பண்ணட்டும்?"

"அக்கா, அதை நான் சொல்லக்கூடாதுக்கா. மூணுல எதுன்னு நீங்கதான் டிசைட் பண்ணணும். ட்ரயல் கேட்டா, ஜூரி வேணுமா, ஜட்ஜ் மட்டும் போதுமான்னு கேப்பாங்க."

"சரி, அதை விடு. அந்த ஜட்ஜம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? தெரிஞ்சவங்கன்னு?"

"முடியாதுக்கா."

பவளம் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ட்ரயல் வேண்டும், ஜட்ஜ் மட்டும் போதும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். போய் வருகிறேன் என்று சொல்லவில்லை.

வீட்டில் கணவன் திருமூர்த்தியும் அதையே கேட்டான். "ஒரு வார்த்தை சொன்னா உனக்கு என்ன குறைஞ்சு போகுது? அவங்க நமக்கு எவ்வளவு செஞ்சிருக்காங்க?"

"செஞ்சிருக்காங்க. அதனாலதாங்க சொல்லக்கூடாது," என்றாள் கலாவதி. சொன்ன பிறகு, அது நியாயமா நன்றிகெட்டதனமா என்று அவளுக்கே தெளிவாகவில்லை. சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் மிஸஸ் ஹேகனிடம் போய், இந்த அம்மாள் என் நெருங்கிய சிநேகிதி, நான் ஒதுங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். அவர் யோசித்தார். "இருப்பது நீ ஒரே கிளார்க். எனக்குச் சொன்னதை சிட்டி வக்கீலுக்கும் சொல்லிவிடு. அதற்குப் பிறகு எல்லாருக்கும் செய்வதையே அவருக்கும் செய்."

அந்த வியாழக்கிழமை பவளத்தின் பெயரைக் கூப்பிட்டதும், வலது கையைத் தூக்கச் சொல்லி உறுதிமொழி வாங்கியதும் கலாவதிதான். பவளம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பின்னால் இருந்த கொடியைப் பார்த்தபடி சொன்னாள். 

போலீஸ்காரர் நடந்ததைச் சொன்னார். கார் வேகத்தைக் குறைத்தது, முழுதாக நிற்கவில்லை. மிஸஸ் ஹேகன் பவளத்தைப் பார்த்து, "அவரிடம் கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. கேட்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை," என்றார்.

பவளம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "நீங்கள் எங்கே நின்றுகொண்டிருந்தீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"பெட்ரோல் பங்க் ஓரத்தில், மேடம்."

"அங்கிருந்து ரோட்டில் போட்டிருக்கும் வெள்ளைக் கோடு தெரியுமா? நான் அந்தக் கோட்டில்தான் நின்றேன். பிறகு மெதுவாக முன்னால் வந்து பார்த்தேன். அங்கே புதர் மறைக்கிறது."

போலீஸ்காரர் நேர்மையானவர். கொஞ்சம் நினைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். "இல்லை மேடம். கோடு எனக்குத் தெரியவில்லை. முன்னால் வந்த பிறகுதான் காரைப் பார்த்தேன்."

சிட்டி வக்கீல் வேறு கேள்வி இல்லை என்றார். குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று மிஸஸ் ஹேகன் தீர்ப்புச் சொன்னார். 

சனிக்கிழமை பவளம் வீட்டுக்கு வந்தாள், ஒரு டப்பா நிறைய மைசூர்பாகோடு. கலாவதியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ வெளியில சொல்லிக்க முடியாதுன்னு எனக்குப் புரியுது கலா. ஆனா நீ சொல்லியிருக்கேன்னு எனக்குத் தெரியும். சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்."

"அக்கா, நான் ஒண்ணுமே சொல்லலைக்கா."

"ஆமா ஆமா, நீ சொல்லல," என்று பவளம் சிரித்தாள்.

கோபித்துக்கொண்டு போன சிநேகிதி திரும்பி வந்துவிட்டாள். ஆனாலும் கலாவதிக்கு அந்த மைசூர்பாகைச் சாப்பிட மனம் வரவில்லை. உதவி செய்யாதவளுக்கு நன்றி கிடைக்கிறது. தானே நின்று பேசி ஜெயித்தவளுக்குத் தன் வெற்றியின் மேல் நம்பிக்கை இல்லை. போலீஸ்காரர்களை முன்வாசல் வழியாக வரச் சொன்னது, தெரிந்தவர்களுக்குத் தனி வழி உண்டு என்று யாரும் நினைக்கக்கூடாது என்பதற்காகத்தான் என்று அன்றைக்குத்தான் அவளுக்கு விளங்கியது.

அடுத்த வாரமே ஃபோன் வர ஆரம்பித்தது. கோயிலில் பார்த்துப் பழகிய நஞ்சுண்டன் கூப்பிட்டார். "ஒரு ஸ்பீடிங் டிக்கெட்மா. பவளத்துக்குப் பண்ணின மாதிரி எனக்கும் கொஞ்சம் பாத்துக்கோ." கலாவதி மூன்று வழிகளையும் சொல்லிவிட்டு வைத்தாள். பிறகு பவளத்தைக் கூப்பிட்டாள்.

"அக்கா, எனக்காக ஒண்ணு பண்ணுங்க. வர வியாழக்கிழமை கோர்ட்டுக்கு வாங்க. சும்மா பின்னாடி உக்காருங்க. யார் வேணா வரலாம்."

பவளம் வந்தாள். கடைசி வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தாள். லாரி ஓட்டுநர் ஒருவர் போலீஸ்காரருக்குக் கோடு தெரிந்திருக்காது என்று அதே மாதிரி வாதாடிப் பார்த்தார். போலீஸ்காரர் நேர் எதிரில் நின்றிருந்ததால் தோற்றார். கவுன்சிலர் ஒருவருடைய மைத்துனர் நாயை அவிழ்த்து விட்ட வழக்கில் அபராதம் கட்டினார். கடைசியாக நஞ்சுண்டனும் வந்தார். சொல்ல ஒன்றும் இல்லாமல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, கலாவதியை முறைத்துவிட்டுப் போனார்.

எல்லாரும் போன பிறகு கலாவதி நாற்காலிகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். பவளமும் ஒரு பக்கம் பிடித்தாள். 

"அப்ப அன்னிக்கு நான் பேசினதை அந்தம்மா நிஜமாவே கேட்டாங்களா?"

"கேட்டாங்கக்கா. அதை மட்டும்தான் கேட்டாங்க."

"நான் உன்னை நம்பலை பாரு."

"நீங்க உங்களையும்தான் நம்பலை."

பவளம் அடுத்த நாற்காலியைத் தூக்கினாள். அடுத்து வந்த பொங்கல் விழாவில், பத்துப் பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்த மேஜையில், யாரோ கலாவதி தயவைப் பற்றிப் பேச்செடுத்தபோது தட்டைக் கீழே வைத்தாள். "எனக்காக யாரும் பேசலை. போலீஸ்காரரைக் கேள்வி கேட்டது நான்," என்றாள். சிலர் நம்பினார்கள். சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நஞ்சுண்டன் அதற்கப்புறம் கலாவதி வீட்டு விசேஷம் எதற்கும் வரவில்லை.

ஃபோன்கள் குறைந்தனவே தவிர நிற்கவில்லை. 2001இல் கோர்ட்டுக்கென்று தனி அறையோடு புதுக் கட்டடம் வந்தபோதும் கலாவதியே கிளார்க்காக இருந்தாள். தமிழில் யாராவது ஃபோனில் தயங்கித் தயங்கி ஆரம்பித்தால், அவர்கள் கேட்டு முடிக்கும் வரை காத்திருப்பாள். பிறகு மூன்று வழிகளையும் பொறுமையாகச் சொல்லுவாள்.

"ட்ரயல் கேட்டீங்கன்னா நீங்க பேசலாமுங்க. அவங்க கேப்பாங்க," என்று முடிப்பாள். கிளார்க் அவ்வளவு சொல்லலாம்.