உம் கொட்டும் உத்தியோகம்

ஒரு நாற்காலியில் அவர்கள், எதிர் நாற்காலியில் நாம். மனநல ஆலோசகரின் தொழிற்கருவி அவ்வளவுதான். நாள் முழுக்கப் பிறர் துயரம் கேட்டுவிட்டு, வீடு திரும்பும் பஸ்ஸில் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாதே என்று வேண்டிக்கொள்ளும் சகாக்களே, இது உங்களுக்குத்தான்.

ஊசி இல்லாத வைத்தியம்

செல்வி கூட்டேரிப்பட்டு கூட்டுரோட்டில் தள்ளுவண்டியில் கொய்யா விற்றவர். (பெயரை மாற்றியிருக்கிறேன், எழுதச் சொன்னதே அவர்தான்.) ஒருநாள் பிரேக் பிடிக்காத லாரி ஓரத்தில் ஏறிவிட்டது. பக்கத்தில் சோளம் சுட்டுக்கொண்டிருந்த தோழி அங்கேயே போய்விட்டார். செல்வி உடம்பில் கீறல்கூட இல்லை. ஆனால் ஆரன் சத்தம் கேட்டால் கை நடுங்கும், தூக்கம் கிடையாது, வண்டி வாசலில் தார்ப்பாய்க்குள் கிடந்தது.

மாமியார் மேல்மலையனூர் கோயிலுக்குக் கூட்டிப்போய்ப் பார்த்துவிட்டு, திண்டிவனத்தில் என்னிடம் அழைத்துவந்தார். முதல் நாள் நாங்கள் பேசி முடித்ததும் மாமியார் அறையை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"ஊசி கீசி ஒண்ணும் இல்லியா தம்பி? அங்கயாவது வேப்பிலை அடிச்சாங்க."

மரத்தடி

நடந்ததைத் திரும்பத் திரும்ப, நிதானமாகச் சொல்ல வைப்பது நம் சிகிச்சை. சொல்லச் சொல்லப் பயம் தேயும். குறுக்கே பேசாமல் தலையசைத்தால் போதும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

வெயில் தாங்காமல் தோழியைத் தன் வண்டி நின்ற மரத்தடிக்கு வரச் சொன்னதே தான்தான் என்ற இடம் வந்ததும் செல்வி நின்றுவிடுவார். கூப்பிட்டதால்தான் செத்தார் என்பது அவர் முடிவு. அன்றும் நின்றார். தலையசைத்தேன். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"உம் கொட்டுங்க சார். செவுத்துக்கிட்டயா சொல்லிக்கினு இருக்கேன்?"

குழாயடி

கதை கேட்டே வளர்ந்தவன் நான். உம் கொட்டாவிட்டால் எங்கள் தாத்தா கதையை அந்தரத்தில் நிறுத்திவிடுவார். அது எப்படி மறந்ததோ! அன்றிலிருந்து உம் கொட்டினேன்; கதை மரத்தடியைத் தாண்டியது. பழி மட்டும் அவரை விடவில்லை. வீட்டிலும் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லிப் பழகட்டும் என்றேன்.

அடுத்த வாரம் மாமியார் பூரிப்போடு வந்தார். மருமகள் சொன்னால் அழுகிறாளாம். அந்தச் சிரமம் எதற்கென்று அவரே குழாயடியில் பாதித் தெருவைக் கூட்டிவைத்துச் சொல்லிவிட்டாராம். எனக்குத் தலை சுற்றியது. மருமகள் கூப்பிட்டாள், தோழி வந்து செத்தாள் என்று முடித்தபோது, பின்னால் நின்ற செல்வி குடத்தை இறக்கிவைத்தாராம். அழவில்லையாம்.

"நிழலுக்குத்தான் அத்தே கூப்ட்டேன். சாவறதுக்கா கூப்ட்டேன்?"

கூட்டுரோடு

முதலில் செல்வியும் நானும் எதிர்ப்பக்க டீக்கடையில் உட்கார்ந்து லாரிகளைப் பார்த்தோம். அப்புறம் மரத்தடி வரை. அப்புறம் காலி வண்டியோடு. போன மாதம் கொய்யாவோடு வண்டி நின்றது.

ஒரு லாரி காது கிழிய ஆரன் அடித்துப் போனது. தராசு பிடித்த கை ஆடியது. மூச்சை மெதுவாக விடச் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் அவரே இழுத்து விட்டார். தட்டு நிலைக்கும்வரை பொறுத்திருந்து எடை போட்டுக் கொடுத்தார். நெஞ்சு நிறைந்து வண்டி முன்னாலேயே நின்றுவிட்டேன்.

"கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க சார். கிராக்கிய மறைக்கிறீங்க."

நீ இனி வேண்டாம் என்று வந்தவர் சொல்லும் நாளுக்காகவே உழைத்து, சொன்னதும் கொய்யாவைக் கடித்தபடி பெருமையாக வீடு திரும்ப விழுப்புரம் பஸ் ஏறுகிற உத்தியோகம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.