பதினொரு மறுகா

என் வகுப்புத் தோழி ரிஸ்லாவின் வாப்பா றுவைஸைப் பற்றி எழுதப்போகிறேன். அதற்கு எனக்கு உரிமை இல்லை. ஏற்கெனவே ஒருமுறை அவரை எழுதிக் கெடுத்தவள் நான்.

றுவைஸுக்கு ஐம்பத்தாறு வயது. மூதூரில் வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற வோட்டர் பம் திருத்துகிறவர். வீட்டு முற்றத்தில் தகரக் கொட்டில் ஒன்று, அதுதான் கடை. ஊரில் அவரைப் பற்றி ஒரு பகிடி உண்டு. பம்மைத் திருத்த அரை மணித்தியாலம், அவருடைய கதையைக் கேட்க ஒரு மணித்தியாலம். பம்மைக் கழற்ற முன்னமே அதன் பூர்வீகத்தைச் சொல்லத் தொடங்கிவிடுவார். யார் வாங்கினார், எந்தப் போகத்தில் பழுதானது, எந்த மடையன் அதைத் தப்பாகப் பூட்டினான் என்று எல்லாம் வரும். நாங்கள் 'பிறகு' என்று சொல்லும் இடத்தில் அந்தப் பக்கத்து ஆட்கள் 'மறுகா' என்பார்கள். றுவைஸின் கதை முழுக்க மறுகாவில்தான் ஓடும். ஒவ்வொரு மறுகாவுக்கும் கேட்கிறவர் கொஞ்சம் கிட்ட வருவார்.

நான் தனுஷிகா. ஊர் அன்புவழிபுரம். ரிஸ்லாவும் நானும் திருகோணமலையில் ஒரே வகுப்பில் நாடகம் படிக்கிறோம். பொம்பிளைப் பிள்ளைக்கு நாடகம் எதற்கு என்று அவளுடைய சொந்தக்காரர்கள் கதைத்தபோது, "என்ட மகள் என்ன படிக்கிறாண்டு எனக்குத் தெரியும்" என்று ஒரே வசனத்தில் வாயை அடைத்தவர் றுவைஸ். நீளமாகப் பேசாமல் அவர் சொன்ன ஒரே விசயம் அதுதான் என்று ரிஸ்லா சொல்லிச் சிரிப்பாள். ஆனால் அவள் செய்த நாடகம் ஒன்றையும் அவர் பார்த்ததில்லை.

இரண்டாம் வருடத்தில், இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஒரு பழைய நாடகத்தை இன்றைய காலத்துக்கு மாற்றி எழுதச் சொன்னார்கள். எங்களுக்குக் கிடைத்தது ஓர் அரச நாடகம். போரில் இளவரசன் இறந்துவிடுகிறான். தாயிடம் அதைச் சொல்ல வந்த தூதன் நாற்பது வரிக்கு யானையையும் கொடியையும் புகழ்ந்து பாடிவிட்டுத்தான் விசயத்துக்கு வருகிறான். ராணியை நிலாவெளியில் வள்ளம் வைத்திருக்கும் குடும்பத்துத் தாயாக மாற்றினோம். தூதன் ஐஸ் லொறிச் சாரதியானான். எல்லாம் பொருந்தியது, அந்த நாற்பது வரியைத் தவிர. இந்தக் காலத்து மனிசன் சாவுச் செய்தியை எப்படி இழுத்தடிப்பான்? எனக்குப் பிடிபடவே இல்லை.

"எங்கட வாப்பாட்ட கேப்பம்" என்றாள் ரிஸ்லா.

ஒரு சனிக்கிழமை பஸ் ஏறி மூதூருக்குப் போனோம். கொட்டிலில் என்னைக் கதிரையில் இருத்திவிட்டு அவர் சொன்னார். அப்போது அவருக்குப் பத்தொன்பது வயதாம். காக்கா, அதாவது மூத்த சகோதரர், வயலில் டிரக்டர் புரண்டு இறந்துவிட்டார். உம்மாவிடம் சொல்லிவிட்டு வரும்படி றுவைஸைச் சைக்கிளில் அனுப்பியிருக்கிறார்கள்.

"உம்மா மீன் வெட்டிட்டு இருந்தாங்க. நான் சொன்னன், வரம்பு உடைஞ்சிட்டு உம்மா எண்டு. மறுகா, தண்ணி பாஞ்சிட்டு. மறுகா, டிரக்டர இறக்கினாங்க. மறுகா, காக்காதான் ஏறினாரு. மறுகா... உம்மா கத்திய வெச்சிட்டாங்க. 'மறுகா என்ன மகன்' எண்டு கேட்டாங்க. நான் சைக்கிளப் பிடிச்சிட்டே நிண்டன். அவங்களுக்கு விளங்கிட்டு."

"இதை நாடகத்தில போடலாமா அங்கிள்?" என்று கேட்டேன்.

"போடுங்க மகள். காக்காட பேர மட்டும் போடாதீங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில் ரிஸ்லா என் கையைப் பிடித்தாள். "வாப்பாட கதையப் போடு. அவர் பேசுற மாதிரி மட்டும் போட்டுடாத. டவுன்ல சிரிப்பாங்க."

"நான் என்ன மடச்சியா?" என்றேன்.

மடச்சியாக இருந்திருந்தால் மன்னிக்கலாம். நாடகத்துக்கு முந்திய கடைசி வாரம் அவளுடைய ராத்தாவுக்கு, அதாவது அக்காவுக்கு, பிள்ளை பிறந்தது. ரிஸ்லா ஊருக்குப் போய்விட்டாள். சாரதியாக நடித்த கஜீபன் வசனத்தைச் செய்தி வாசிக்கிற மாதிரி ஒப்புவித்தான். பொறுக்க முடியாமல், "மறுகா எண்டு போட்டுச் சொல்லிப் பார்" என்று சொன்னேன். அவன் மூதூர்க்காரரைப் போல இழுத்துச் சொன்னான். ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அந்த இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். சிரிப்புக்குள்ளேதான் துக்கம் ஆழமாக இறங்கும் என்று வகுப்பில் படித்ததை எடுத்து எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். நான் எழுதியதற்கு ஆட்கள் சிரித்தது எனக்கு இனித்தது, அவ்வளவுதான். அன்று பின்னேரமே உட்கார்ந்து இன்னும் எழுதினேன். கடைசியில் பிரதியில் பதினொரு மறுகா இருந்தது.

நாடகத்தன்று றுவைஸ் கொட்டிலைப் பூட்டிவிட்டு, புதுச் சேட்டுப் போட்டுக்கொண்டு, மனைவியோடும் ரிஸ்லாவோடும் வந்து முன்வரிசையில் இருந்தார். மகளின் நாடகத்தை முதல்முதலாகப் பார்க்கப்போகிறார். மேடைக்குப் பின்னால் இருந்து அவர்களைக் கண்டேன். தொடங்க இன்னும் இருபது நிமிடம் கிடந்தது. கஜீபனிடம், "மறுகாவை விட்டுடு" என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். நான் தாயாக நடித்தவளின் சேலைக்கு ஊசி குத்திக்கொண்டு நின்றேன்.

முதல் மறுகாவுக்கு றுவைஸின் முகம் மலர்ந்தது. தெரிந்த ஒருவரைச் சந்தையில் கண்டது போல இருந்தது அந்த முகம். மண்டபம் சிரித்தது. மூன்றாவதுக்கு அவருக்குப் பின்வரிசைப் பெடியள் சேர்ந்து கத்தத் தொடங்கினார்கள். அவர் முகம் மாறியது. "மறுகா என்ன மகன்?" என்று தாய் கேட்டபோது கைதட்டலும் விசிலும். ரிஸ்லா தலையைக் குனிந்துகொண்டாள். றுவைஸ் சுற்றிவரப் பார்த்தார். பிறகு அவரும் சிரித்தார். எல்லாரும் சிரிக்கும்போது தான் மட்டும் சிரிக்காமல் இருந்தால் மகளுக்கு மரியாதைக் குறைவு என்று நினைத்திருப்பார். அந்தச் சிரிப்பை நினைக்க இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

முடிந்ததும் என்னிடம் வந்தார். "நல்லா இருந்திச்சு மகள். சனம் நல்லாச் சிரிச்சாங்க."

ரிஸ்லா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "ஏன்டி?"

நல்ல புள்ளி கிடைத்தது. எழுதியவர்கள் என்று எங்கள் இருவரின் பெயரும் சுவரில் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. உம்மாவிடம் தான் சொல்லத் தவித்ததைத் தன் சொந்த மகளே பகிடியாக்கிவிட்டாள் என்றல்லவா அவர் நினைத்திருப்பார்? ரிஸ்லாவும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. வாப்பாவிடம் ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்டதற்கு, "சொன்னா மறுபடியும் அதத்தானே கதைக்கணும்" என்றாள்.

இரண்டு கிழமை தள்ளிப்போட்டேன். பிறகு தனியாக பஸ் ஏறினேன். அவர் கொட்டிலில் ஒரு பம்மைக் கழற்றிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன்.

"அங்கிள், அந்த மறுகா எல்லாம் ரிஸ்லா எழுதினது இல்லை. போடாத எண்டுதான் சொன்னவள். நான்தான் போட்டனான்."

அவர் ஸ்பனரைக் கீழே வைத்தார். மகள் செய்யவில்லை என்று கேட்டதும் முகம் இளகியது, அதை நான் கண்டேன். என் மனம் கொஞ்சம் இலேசாகப் பார்த்தது.

"யார் போட்டா என்ன மகள். நான் பேசுறதுதானே. இருங்க, பிளேன்டீ குடிப்பம்."

எனக்குச் சங்கடம் தெரியக்கூடாது என்றோ என்னவோ, கையில் இருந்த பம்மின் கதையைத் தொடங்கினார்.

"இது தோப்பூர் ஆள்ட பம். போன போகம் நல்லா ஓடினது. ஆரோ ஒருத்தன் வொஷரத் தப்பாப் போட்டிரிக்கான். ம..."

வாய் திறந்தபடி நின்றது. என்னைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

அந்த இடத்தில் அவருடைய உம்மா கேட்டதை நானும் கேட்டிருக்கலாம். மறுகா என்ன அங்கிள் என்று. அந்தச் சொல்லை அவருக்கு முன்னால் எடுக்க எனக்கு வாய் வரவில்லை. அவர் குனிந்து ஸ்பனரை எடுத்தார். உள்ளே இருந்து வந்த பிளேன்டீயை நான் குடித்து முடித்தேன்.

அன்றைக்கு அந்தப் பம்மை அரை மணித்தியாலத்தில் திருத்தி முடித்துவிட்டார்.