பாட்டிலில் வந்த தூக்கம்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து பக்கத்து வீட்டு சார் என்னோடு பேசுவதில்லை.

சாருடைய மகன் அமெரிக்காவில் இருக்கிறான். லீவுக்கு வந்தபோது சாக்லெட், தைலத்தோடு மெலட்டோனின் என்ற தூக்க மாத்திரையும் கொண்டுவந்தான். சாருக்கு அதில் நல்ல தூக்கம். நல்ல மனுஷர்... எங்கள் செம்பாக்கம் தெருவுக்கே பங்கு வைத்தார்.

எங்கம்மாவுக்கும் ஒரு பாட்டில் வந்தது. கோவளத்தில் மீன் விற்றவர். இருட்டிலேயே எழுந்து கரைக்கு ஓடிய உடம்பு, இப்போது வீட்டில் சும்மா இருக்கிறது. ராத்திரியில் தூக்கம் வருவதில்லை.

"இது மருந்தே இல்லப்பா. நம்ம உடம்புல தானா சுரக்கறதுதான். அங்க கடையில மிட்டாய் மாதிரி விக்கறான்" என்றார் சார்.

அம்மா இதயத்துக்காக, ரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரை சாப்பிடுகிறார். அதோடு இதைச் சேர்க்கலாமா என்று கேட்டேன்.

"படிச்ச பையன் நீயே இப்படி பயப்படலாமா?"

"படிச்சதாலதான் சார் கேக்கறேன்."

எங்கள் வீட்டில் மாத்திரை அட்டையைப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். கேள்வி கேட்காமல் விழுங்கக் கொடுக்கவா அம்மா என்னைப் படிக்க வைத்தார்?

அந்த அம்மாவே என் கட்சியில் இல்லை. "அவரு ஆசையா குட்த்துகிறாரு. வாணாம்னா நாளைக்கி அவரு மூஞ்சில எப்டிடா முழிக்கறது? ஒண்ணு போட்டா இன்னா ஆயிடும்?"

என்ன ஆகும்? தாம்பரத்தில் எங்கள் டாக்டரிடம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு, பாட்டிலோடு போனேன்.

"சில பேருக்கு இது உதவும். ஆனா இவங்க சாப்பிடற மாத்திரையோட சேர்ந்தா ரத்தக்கசிவு வரலாம். வேண்டாம்" என்றார். பிறகு அம்மாவிடம், "மதியம் தூங்குவீங்களா?"

அம்மா மின்விசிறியைப் பார்த்தார். "சீரியல் பாத்துகினே... லேசா கண்ணு அசரும் சார்."

லேசாக என்றால், முதல் சீரியலின் டைட்டில் பாட்டு தொடங்கி மாலைக் காபி வரை!

பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தபோது சாருக்கு முகம் சிவந்துவிட்டது. "என் பையன் என்ன விஷமா கொண்டாந்தான்?"

"இல்ல சார். எங்கம்மாவுக்கு ஆகாது. அவ்ளோதான்."

கொலுவுக்குச் சுண்டல் கொடுங்கள், கை நீட்டி வாங்கிக்கொள்வேன். மாத்திரையைச் சுண்டல் மாதிரி கொடுத்தால் — மாட்டேன். மரியாதை தெரியாதவன் என்றால், இருந்துவிட்டுப் போகிறேன்.

நேற்று சாருடைய மனைவி காம்பவுண்டு சுவரோரம் வந்து குரலைத் தாழ்த்தினார். "தம்பி, இவரும் பிரஷருக்கு, சுகருக்குன்னு மாத்திரை போடறாரு. யாரையும் கேக்காமத்தான் இதையும் போட்டுக்கறாரு... உங்க டாக்டர் எத்தனை மணிக்கு வருவாரு?"

"ஆறு மணிக்கு, ஆன்ட்டி. சார் வரமாட்டேன்னா சொல்லுங்க, நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."