தானாக உயர்ந்த கை

முன்னறையில் 'தடால்' என்று ஏதோ விழுந்தது. தொடர்ந்து கண்ணாடி நொறுங்கும் சத்தம்.

"ஐயோ, ராணி படம்!" என்றாள் திருமதி பிக்கர்ஸ்கில்.

சமையலறையில் அவளுக்கு எதிரே, வாடகைக்கு அறை கேட்டு வந்த பெண் உட்கார்ந்திருந்தாள். பெயர் க்வென், ஊர் வேல்ஸ் என்று சொல்லியிருந்தாள். பர்மிங்காமில் எத்தனையோ ஜன்னல்களில் 'அயர்லாந்துக்காரர்களுக்கும் நாய்களுக்கும் இடமில்லை' என்று அட்டை தொங்கிய காலம். பிக்கர்ஸ்கில் வீட்டு அட்டைதான் தெருவிலேயே பெரியது. போன வருடம் மனமிரங்கி, அதில் 'நாய்களுக்கும்' என்ற சொல்லை மட்டும் கோடு போட்டு அடித்துவிட்டாள்.

அப்பேர்ப்பட்ட புண்ணியவதி! ஞாயிறு தவறாமல் இங்கிலாந்துத் திருச்சபை. கத்தோலிக்கர்கள் மாமிசம் தொடாத வெள்ளிக்கிழமையில் வேண்டுமென்றே மாட்டிறைச்சி. காலஞ்சென்ற கணவர்கூட அவளை அசல் ஆங்கிலேயப் பெண் என்று நம்பியே கண்ணை மூடினார், பாவம்.

ஆனால், சுவரிலிருந்து படம் தானாக விழுந்தால் வீட்டில் சாவு விழும். கத்தோலிக்க அயர்லாந்தில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் இது தெரியும். க்வென்னின் கை சட்டென்று நெற்றியைத் தொட்டு, மார்புக்கு இறங்கிச் சிலுவை போட்டது.

'அகப்பட்டாயா!' திருமதி பிக்கர்ஸ்கில் விரட்ட வாயெடுத்தாள். அப்போதுதான் கவனித்தாள்: தன்னுடைய வலது கையும் நெற்றி, மார்பெல்லாம் முடித்து, இடது தோளில் இருந்தது.

"அடி ஆத்தாடி! அக்கா, நீங்களுமா?" பெண் சிரித்தேவிட்டாள். "நான் க்வென்னும் இல்ல, கத்திரிக்காயும் இல்ல. டிம்ப்னா. அயர்லாந்துல மேயோ பக்கம். நீங்க எந்த ஊருக்கா?"

மேயோ! அந்த இழுப்பைக் கேட்டு எத்தனை வருடமாயிற்று! 'நானும் அங்கதான்டி' என்று கதறி அவளைக் கட்டிக்கொள்ளத் துடித்தது நெஞ்சு. கட்டிக்கொண்டால்? நாளைக்குத் தெருவே இவள் வாசலில் காறித் துப்பும்.

"தோள் வலி. தேய்ச்சுக்கிட்டேன்."

"நெத்தியிலயுமா வலி?"

"பொய் சொல்லி வீட்டுக்குள்ள நுழையுறியே, உங்க ஆளுங்களுக்கு வெக்கமே கிடையாதா?"

"வெக்கமா? நிறையவே இருக்குக்கா. அதான் ஆளுக்கொரு பேரு வச்சுக்கிறோம்."

டிம்ப்னா பெட்டியை எடுத்துக்கொண்டாள். வெளியே மழை. வாசற்படியில் திரும்பி, ஊர் வழக்கப்படி, "கடவுள் உங்க கூட இருக்கட்டும்" என்றாள்.

"கடவுளும் மரியாளும் உன் கூட இருக்கட்டும்" என்று பதில் சொல்வதுதான் முறை. அது நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. திருமதி பிக்கர்ஸ்கில் உதட்டைக் கடித்தபடி கதவைச் சாத்தினாள்.