மாத்திரைக்கு வார ஓய்வு கிடையாது

அண்ணன் மறைந்து ஓராண்டாகிறது. அவரைப் பற்றி நாலு வரி எழுதும் பொறுப்பை அண்ணி என்னிடம் தந்திருக்கிறார்.

கம்மாபுரத்தை அடுத்த கிராமத்தில் பிறந்தவர். எங்கள் நிலத்தை நிலக்கரிச் சுரங்கம் எடுத்துக்கொண்டு, வீட்டுக்கு ஒரு வேலை கொடுத்தது. அண்ணன் வேலைக்குப் போனார். நான் கல்லூரிக்குப் போனேன். கன்வேயர் பெல்ட் பிரிவில் எந்த ஷிப்டுக்கும் அவர் தாமதமாகச் சென்றதில்லை. ஞாயிறு ஓய்வையும் விட்டுக்கொடுத்ததில்லை. ஓவர்டைமுக்குக் கூப்பிட வருபவர்களிடம், “பெல்ட்டே அப்பப்ப நின்னுகினு மூச்சு வாங்குது, நான் வாங்கக் கூடாதாங்க?” என்பார்.

பணி ஓய்வுக்குப் பின் ரத்தப் புற்றுநோய் வந்தது. மெதுவாக வளரும் வகைதான், தினமும் மாத்திரை போட்டால் பலர் முழு ஆயுளும் இருக்கிறார்கள் என்றார் மருத்துவர். மாத்திரைக்கான பரிந்துரை, கம்பெனியின் ஒப்புதல், புதுப்பித்தல் எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொண்டேன். என் அலுவலகத்திலும் இப்படிக் காகிதங்களை நகர்த்துவதுதான் என் வேலையாக இருந்தது. காகிதங்களில் ஒரு குறையும் இல்லை. ரத்தமும் சீரானது.

பிறகு வெள்ளணுக்கள் மீண்டும் ஏறின. மாத்திரை தவறாமல் போடுகிறீர்களா என்று மருத்துவர் கேட்டார்.

“ஞாயித்துக்கெழம மட்டும் போடறதில்லீங்க. மாத்திரைக்கும் ஒரு ஆஃப் வேணாங்களா?” என்றார் அண்ணன். குமட்டல் இல்லாமல் கறி சாப்பிட அவருக்கு வாரத்தில் அந்த ஒரு நாள்தான் இருந்தது.

ஞாயிறுதான் காரணம் என்று மருத்துவர் சொல்லவில்லை. நோய் தானாகவும் மாறியிருக்கலாம் என்றார். மரபணுப் பரிசோதனை செய்து வேறு மாத்திரைக்கு மாற்றினார்கள். அண்ணன் அதை ஞாயிறும் போட்டார். அது கொஞ்ச காலம் கேட்டது, பிறகு கேட்கவில்லை. மிஞ்சியது எலும்பு மஜ்ஜை மாற்று. என் மஜ்ஜை பொருந்தியது. அவருக்குத் தர என்னிடமும் ஒன்று இருந்ததே என்று மகிழ்ந்தேன். அதற்குள் நோய் வேகமெடுத்திருந்தது; அவருடைய இதயம் தாங்காது என்று கைவிட்டார்கள். மேல்முறையீடு செய்ய எனக்குத் தெரிந்த விதி எதுவும் அங்கே இல்லை.

கடைசி வாரம் மாத்திரைகளை நிறுத்தச் சொன்னார்கள். அண்ணன் என்னைப் பார்த்து, “பாத்தியாடா, டாக்டரே ஆஃப் குடுத்துட்டாரு” என்றார். அண்ணி மட்டும் சிரித்தார், அவருக்காக.

ரத்தம் கொடுத்த பிள்ளைகளுக்கும், மருத்துவமனைக்குச் சோறு கொண்டுவந்த குவார்ட்டர்ஸ் குடும்பங்களுக்கும், தூக்கிச் சென்ற தோள்களுக்கும் எங்கள் நன்றி.

நினைவு நாள் ஞாயிற்றுக்கிழமை வருகிறது. அண்ணி கறிச்சோறு போடுகிறார். வருகிறவர்களில் தினமும் மாத்திரை போடுபவர்கள் பலர் உண்டு. அன்றைய மாத்திரையையும் கையோடு கொண்டுவாருங்கள்.